அறுபது பங்கு பட்டாணி சூப்

எல்மென்ரோடா நகரத்தில் 1959-ஆம் வருஷம், போரில் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத பழைய ராணுவத்தார் நூற்று எண்பத்து நான்கு பேர் இருந்தார்கள். எட்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு இது சற்று அதிகம்தான். ஆனால் பக்கத்து ஊரில் இருநூற்றுப் பத்துப் பேர் இருந்ததால் எல்மென்ரோடாக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்குக் கொடி, பாட்டு, வருஷாந்தர விழா, வரலாற்றுக் குழு எல்லாம் உண்டு. வரலாற்றுக் குழு புதன்கிழமைதோறும் 'பச்சை மரம்' விடுதியின் பின்னறையில் கூடி, பீர் குடித்தபடி, படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தது. குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஃபான் ஸ்டாக்கன். செயலாளர் வென்ட்லாண்ட். போர்க்காலத்தில் படைப்பிரிவின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவர். ரஷ்யாவிலிருந்து ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் பின்வாங்கி வந்தபோது தன் மேல்கோட்டைக் கூடப் பனியில் விட்டுவிட்டு, பதிவேடுகளை முதுகில் சுமந்து வந்த மனிதர்.

விடுதியை நடத்தியவன் ஆல்வின் ப்ரிக்கே. அதே படைப்பிரிவில் சமையல்காரனாக இருந்தவன். குதிரை இழுக்கும் சக்கர அடுப்பில் நாலு வருஷம் சூப் காய்ச்சினான். அவனுக்குப் பெயர்கள் அவ்வளவாக நினைவில் நிற்காது. சாப்பிடும் விதத்தை வைத்துத்தான் ஆளை ஞாபகம் வைத்திருப்பான். மேஜர் என்றால் வெங்காயம் ஆகாது. கூரை வேயும் கோல்பே என்றால் கிண்ணத்தை வழித்து நக்குகிறவன்.

புத்தகம் நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. எழுதி முடித்த வரைக்கும் ஆல்வினும் படித்துப் பார்த்தான். அதன்படி அவர்களுடைய படைப்பிரிவு நாலு வருஷமும் பெரும்பாலும் சேற்றை எதிர்த்துத்தான் போரிட்டிருந்தது. சேறு நூற்றுப் பதினேழு பக்கம். அடுத்தது பனி. நாலு வருஷப் போரில் இருபத்து மூன்று கிறிஸ்துமஸ் வந்திருந்தது, ஒவ்வொன்றிலும் எல்லோரும் அழுதிருந்தார்கள். கடைசியில் இறந்துபோன குதிரைகளின் பட்டியல், இருநூற்றுப் பதினான்கு, ஒவ்வொன்றும் பெயரோடு. வழியில் இருந்த கிராமங்களில் மனிதர்கள் யாராவது வசித்தார்களா என்பது புத்தகத்திலிருந்து தெரியவில்லை.

சமையலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஆல்வினைக் கேட்டார்கள். ஆல்வின் எழுதுகிற ஆள் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதினான். ஆகஸ்ட் மாதம் ஒரு விதவை வீட்டிலிருந்து பன்றியைப் பிடித்து வந்ததையும், அந்த அம்மாள் பன்றியின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் தெருமுனை வரை இழுபட்டு வந்ததையும் உள்ளபடி எழுதினான். அப்படித்தானே நடந்தது என்று நினைத்தான்.

அடுத்த புதன்கிழமை தாள் திரும்பி வந்தது. அந்தப் பத்தி முழுவதும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, 'ஆகஸ்டில் ஒரு பன்றி வந்து சேர்ந்தது' என்று மாற்றப்பட்டிருந்தது.

ஆல்வின் திருதிருவென விழித்தான். "பன்றி தானா வராதே, மேஜர் சார்."

"வந்துச்சா இல்லையா?" என்றார் மேஜர்.

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? நடந்ததத்தான எழுதியிருக்கோம். வரலாறுன்னா சுருக்கமா இருக்கணும், ப்ரிக்கே."

குதிரைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு ஆல்வின் பீர் ஊற்றப் போனான்.

அந்த மார்ச் மாதத்தில்தான் கடிதங்கள் வந்தன. மாநிலத் தலைநகரிலிருந்து ஷோபர் என்ற அரசு வழக்கறிஞர் எல்மென்ரோடாவில் பன்னிரண்டு பேருக்கு எழுதியிருந்தார். 1941 அக்டோபர் ஒன்பதாம் தேதி, லுபோவிட்ஸா என்ற ஊருக்கு வெளியே ஒரு மணல் குழியில் அந்த ஊர் யூதர்கள் எண்ணூறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றி விசாரணை நடக்கிறது. அன்று தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நேரில் வந்து சாட்சி சொல்லவும். பன்னிரண்டு பேரில் மேஜர் ஒருவர். கோல்பே ஒருவன். ஆல்வினும் ஒருவன்.

ஆல்வின் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தான். பதினெட்டு வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்றும், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றும் அவன் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது கேட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமையே, கடிதம் வந்தவர்களையெல்லாம் கூட்டி, அவசரக் கூட்டம். வரலாற்றுக் குழு, நினைவுக் குழுவாக மாறியது. வென்ட்லாண்ட் எங்கிருந்தோ ஒரு கரும்பலகையும் கொண்டுவந்துவிட்டார்.

மேஜர் எழுந்து பேசினார். "நண்பர்களே, லுபோவிட்ஸால என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியாது. அதெல்லாம் கறுப்பு உடுப்பு எஸ்.எஸ். தனிப்படை ஆளுங்க வேலை. நாம சாதாரண ராணுவம். நமக்கு எதுவும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு அன்னிக்கு நானே ரோட்டுல காவல் போட்டேன். அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு கொடுத்தேன். எந்தப் பக்கம்னு வரைபடத்துல குறிச்சும் கொடுத்தேன். இவ்வளவு அக்கறையா இருந்த ஒரு ஆளப் பாத்து, உனக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வென்ட்லாண்ட் சாக்கட்டியோடு கரும்பலகைக்குப் போனார்.

"ஒன்பதாம் தேதி எங்க இருந்தீங்க?"

"ரயில் நிலையத்துல. ஓய்வுல."

"சேர்ந்து சொல்லுங்க. ஆனா பாட்டு மாதிரி சொல்லாதீங்க. அவங்கவங்களுக்கா ஞாபகம் வந்த மாதிரி சொல்லணும். மறுபடி."

"ரயில் நிலையத்துல. ஓய்வுல."

"ஓய்வுன்னா என்ன செஞ்சீங்க?"

இங்கே இழுபறி ஆனது. ஒருவன் சீட்டு ஆடினோம் என்றான், ஒருவன் காலுறை துவைத்தோம் என்றான், மூன்றாமவன் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம் என்றான். அக்டோபர் என்று அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் வென்ட்லாண்டுக்குப் பதிவேடு நினைவுக்கு வந்தது.

"அன்னிக்குப் பட்டாணி சூப். சமையல் பதிவேட்டுல தெளிவா இருக்கு. அறுபது பங்கு."

மேஜரின் முகம் மலர்ந்தது. "சூப். இதுதான் வேணும். சூப் குடிச்சிட்டிருந்தவன் இன்னொரு இடத்துல எப்படி இருக்க முடியும்? எங்க, சொல்லுங்க. என்ன சாப்டீங்க?"

"பட்டாணி சூப்."

"எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது."

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி," என்றான் கோல்பே.

கோல்பே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆல்வின் கதவருகே தட்டோடு நின்றிருந்தான். அந்த மாலையில் அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அன்றைக்கு ஆல்வின் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு, போட்டோமா இல்லையா என்பது அவனுக்கு மறந்துபோனது.

"உப்பு சரியாத்தான் இருந்தது, கோல்பே," என்றார் மேஜர் பொறுமையாக. "மறுபடி சொல்லு."

கோல்பேயை ஏழு தடவை சொல்ல வைத்தார்கள். எட்டாம் தடவை அவனுக்கும் உப்பு சரியாகிவிட்டது.

ஆல்வினைத் தனியாகப் பயிற்சி செய்ய வைக்கவில்லை. மேஜர் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "உனக்கு ஒண்ணுமே கஷ்டம் இல்ல. சூப் காய்ச்சினியா?"

"காய்ச்சினேன்."

"நீ பொய் சொல்லவே வேணாம். சூப் காய்ச்சினேன்னு சொல்லு. எங்கன்னு கேட்டா, ரயில் நிலையம்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை." பிறகு பின்னறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "நல்ல அறை இது. சங்கம் வேற விடுதிக்குப் போகணும்னு சில பேர் சொல்லிட்டே இருக்காங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

ஆல்வினுக்குப் புரிந்தது. மற்ற நூற்று எண்பத்து மூன்று பேரும், அவர்களுடைய மச்சான் மாமன்களும் வராவிட்டால் 'பச்சை மரம்' ஒரு மாதம் தாங்காது.

ஏப்ரலில் சாட்சி சொல்லப் போனான். ஷோபர் இளைஞர், முப்பது வயசுகூட இருக்காது, மூக்குக்கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ராட்கே என்ற பெண் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னால பதினோரு பேர் வந்தாங்க, திரு. ப்ரிக்கே," என்றார் ஷோபர். "பதினோரு பேரும் ரயில் நிலையத்துல இருந்தாங்களாம். பதினோரு பேருக்கும் வேற எதுவும் ஞாபகம் இல்ல. ஆனா சூப் மட்டும் ரொம்ப நல்லா இருந்ததாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி குடிச்ச சூப். நானும் ஒருநாள் வந்து குடிச்சுப் பாக்கணும்."

அவர் கிண்டல் செய்கிறாரா என்று ஆல்வினுக்குத் தெரியவில்லை.

"நீங்கதான் காய்ச்சினீங்களா?"

"ஆமாங்க."

"எங்க?"

ஷோபர் காத்திருந்தார். ராட்கேயின் விரல்கள் இயந்திரத்தின்மேல் நின்றன. ஆல்வின் ஜன்னலைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். ஷோபர் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடும்படி தாளை நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி லீஸ்பெத் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். 1942-இல் விடுப்பில் வந்தபோது அந்த அக்டோபர் நாளைப் பற்றி ஒரே ஒருமுறை அவளிடம் பாதி சொல்லியிருந்தான். மீதியை அவள் கேட்கவில்லை.

"சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்."

"எதைச் சொன்ன, ஆல்வின்?"

"சூப்பைச் சொன்னேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். வெகுநேரம் குழாயை மூடவில்லை. ஆல்வினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மே மாதம் வருஷாந்தர விழா. அந்த வருஷம் சங்கத்துக்கு உற்சாகம் கரைபுரண்டது, ஏனென்றால் வழக்கு நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு விவசாயியிடமிருந்து பழைய சக்கர அடுப்பு ஒன்றை வாங்கி, துருவை உரசி, பச்சை வண்ணம் பூசி, சந்தைத் திடலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஊதுகுழல் வாத்தியக்குழு. நகர மேயர் வந்திருந்தார், பாதிரியார் வந்திருந்தார். ஆல்வின் விடியற்காலையிலிருந்து பட்டாணி சூப் காய்ச்சினான். அதுதான் விழாவின் வழக்கம்.

பத்தரை மணிக்கு அவனை மேடைக்கு அழைத்தார்கள். வென்ட்லாண்ட் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளிக் கரண்டி, சூப் ஊற்றும் பெரிய அகப்பை. கைப்பிடியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

மேஜர் மைக்கைப் பிடித்தார். "நம்ம ராணுவத்தோட கை சுத்தமானது. வெள்ளிக்கிழமைதோறும் கை நகத்தை நானே பரிசோதிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். இன்னிக்கு உலகம் நம்மகிட்ட எண்ணூறு பேரைப் பத்திக் கேக்குது. நம்ம பக்கம் இறந்துபோன இருநூற்றுப் பதினாலு குதிரைங்களப் பத்தி யாராவது கேட்டாங்களா? அந்தக் கஷ்டமான நாளுல நம்ம எல்லாரையும் தாங்கிப் பிடிச்சது என்ன தெரியுமா? இதோ இவனோட சூப். அது மட்டும் இல்லன்னா அன்னிக்கு அந்த வேலைய நம்மளால முடிச்சிருக்கவே முடியாது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. எந்த வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வு எடுப்பதும் ஒரு வேலைதான் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆல்வின் கரண்டியை வாங்கிக் கைப்பிடியில் இருந்ததைப் படித்தான். '9.10.1941. பட்டாணி சூப், 60 பங்கு. லுபோவிட்ஸா சாலை, கிலோமீட்டர் 7, மணல் குழி. நன்றியுடன், சங்கம்.'

"செயலாளர் சார்," என்றான் மெதுவாக. "இது என்ன எழுதியிருக்கு?"

"பதிவேட்டுல இருந்தது அப்படியே," என்றார் வென்ட்லாண்ட் பெருமையாக. "சூப் எங்க போச்சுன்னு இடம் குறிக்கிற கட்டம் ஒண்ணு உண்டு. என் கையாலேயே பூர்த்தி செஞ்சது. பதிவேட்டுல இருக்கிறத மாத்த எனக்கு ஏது அதிகாரம்?"

"நீங்கதான கரும்பலகைல ரயில் நிலையம்னு எழுதினீங்க?"

"அது சாட்சி சொல்றதுக்கு, ப்ரிக்கே. இது பதிவேடு. ரெண்டும் வேற வேற." அவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கரண்டி கூட்டத்தில் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் திருப்பிப் பார்த்தார்கள், எடை போட்டுப் பார்த்தார்கள், நல்ல வெள்ளி என்றார்கள். படித்தார்களா, படித்தும் அவர்களுக்கு உறைக்கவில்லையா என்பது ஆல்வினுக்குத் தெரியாது. கோல்பே படித்தான். அவன் கட்டைவிரல் 'மணல் குழி' என்ற எழுத்துகள்மேல் போய் அழுந்தி நின்றது. பிறகு அடுத்தவனிடம் கொடுத்துவிட்டான்.

வாத்தியம் முழங்க, சூப் வரிசை தொடங்கியது. முதல் கிண்ணம் மேஜருடையது. ஆல்வின் வெள்ளிக் கரண்டியால் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு ஊற்றினான்.

"பாத்தீங்களா, எனக்கு வெங்காயம் ஆகாதுன்னு இன்னும் ஞாபகம் வெச்சிருக்கான்," என்றார் மேஜர் மேயரிடம்.

"ஆமாம், மேஜர் சார்," என்றான் ஆல்வின். அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அன்னிக்கும் ஒதுக்கிட்டுத்தான் ஊத்தினேன். குழி ஓரத்துல நின்னுட்டே சாப்டீங்க. கையுறையக் கழட்டல. கோல்பே சுட்டுட்டு வந்து வண்டிக்குப் பின்னால வாந்தி எடுத்தான், அவனுக்குக் கிண்ணம் கொடுத்தேன், ஒரு வாய் குடிச்சுட்டு வேணாம்னு தள்ளிட்டான். ரயில் நிலையத்துல இல்ல, மேஜர் சார். அங்க."

அவன் கத்தவில்லை. ஆனால் வரிசையில் முன்னால் நின்ற இருபது முப்பது பேருக்காவது கேட்டிருக்கும். மேயர் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார்.

மேஜர் ஒரு வாய் சூப் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"சூப் ஆறிடும்," என்றார். "அடுத்தது யாரு?"

அடுத்தவன் கிண்ணத்தை நீட்டினான். அவனுக்கு அடுத்தவனும் நீட்டினான். ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. ஆல்வின் கரண்டியைக் கீழே போடுவோம் என்றுதான் நினைத்தான். ஆனால் கை பழக்கப்பட்ட கை. கிண்ணம் நீண்டால் ஊற்றுகிற கை. நூற்று எண்பத்து மூன்று பேருக்கும் ஊற்றி முடித்த பிறகுதான் அது நின்றது. அன்றைக்கு அவனுக்கு வந்த வெட்கம் மேஜரைப் பார்த்து வந்ததல்ல, தன் கையைப் பார்த்து வந்தது.

மறுநாள் காலை, கரண்டியைச் சமையலறைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறினான். லீஸ்பெத் வாசல் வரை வந்து அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

ஷோபர் கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இதை அவங்களே பொறிச்சாங்களா?"

"அவங்களேதாங்க. நன்றின்னும் போட்டிருக்காங்க. மூலப் பதிவேடு வென்ட்லாண்ட் வீட்டுல, வரவேற்பறை அலமாரில, கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. கேட்டா எடுத்துக் காட்டுவாரு. அவருக்குப் பதிவேட்டைக் காட்டறதுன்னா ரொம்பப் பிடிக்கும்." ஆல்வின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். "போன தடவை நான் சொன்னது பொய். அதையும் எழுதிக்குங்க."

இரண்டு மணி நேரம் சொன்னான். யார் எங்கே நின்றார்கள், யார் சுட்டார்கள், யார் இரண்டாம் தடவை சூப் கேட்டார்கள் என்று சாப்பிட்ட விதத்தை வைத்தே ஒவ்வொருவராகச் சொன்னான். ராட்கே நிறுத்தாமல் அடித்தாள்.

"அறுபது பங்குன்னு இருக்கு," என்றார் ஷோபர் கடைசியில். "அறுபது பேரும் சாப்பிட்டாங்களா?"

"இல்லைங்க. ஐம்பத்தாறு. நாலு பேரால முடியல."

"அந்த நாலு பங்கு?"

ஆல்வின் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான்.

"அந்த ஊர் ஜனங்கள வரிசையா நிக்க வெச்சிருந்தாங்க. என் வண்டிக்குப் பக்கத்துலேயே. பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு, தம்பியக் கையில பிடிச்சிருந்தா. அவங்க பாஷைலயும் சூப்புக்கு சூப்தான் பேருங்க. சட்டியப் பாத்து, சூப்னு சொன்னா. தனக்குக் கேக்கல, தம்பியக் காட்டித்தான் கேட்டா. நான், பங்கு எண்ணி வெச்சிருக்கு, தர முடியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல அவங்க முறை வந்துடுச்சு. அப்புறம் பாத்தா நாலு பங்கு மிச்சம். வண்டியக் கழுவணுமே. மணல்ல கொட்டிட்டேன்."

தட்டச்சு நின்றிருந்தது. ஷோபர் பேனாவைக் கீழே வைத்தார். இளைஞர்தான், ஆனாலும் மெதுவாகத்தான் பேசினார்.

"திரு. ப்ரிக்கே, சட்டப்படி இது குற்றம் இல்ல. சூப் கொடுக்கலங்கிறதுக்கு எந்தப் பிரிவும் கிடையாது. வழக்குக்கு இது தேவையும் இல்ல."

"தெரியுங்க."

"அப்ப இதை விட்டுடலாமா?" என்று ராட்கே கேட்டாள், ஷோபரைப் பார்த்து.

ஆல்வின்தான் பதில் சொன்னான். "எங்க புத்தகத்துல இருநூற்றுப் பதினாலு குதிரைங்க பேர் இருக்கும்மா. அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. பேரு இல்லாட்டிப் போகுது, நாலு பங்கு மிஞ்சிச்சுன்னு மட்டுமாவது போட்டுக்கோ."

ராட்கே ஷோபரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் ஒரு புது வரிக்குத் தாளை ஏற்றி, 'நான்கு பங்கு மிச்சம் இருந்தது' என்று அடித்து, கையெழுத்துக்காக அவன் பக்கம் நீட்டினாள்.